பிரேக்கு மாப்பிள்ளை

என் தங்கை புருஷன் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்குப் பெயர் 'பிரேக்கு'. அடுத்தவன் வண்டியில் உட்கார்ந்தால் போதும், எதிரே ஏதாவது வந்ததும் அவர் வலது கால் தானாக மிதிக்கும். என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து மிதித்து மிதித்தே ஃபுட்ரெஸ்டை வளைத்த ஆள். டிவியில் லாரி மோத வந்தால்கூட மிதிப்பார்; ஒருமுறை டீப்பாயே கவிழ்ந்தது.

அந்தக் கால் இப்போது அசையாது. பஸ் கூரையில் மூட்டை கட்டும்போது ஏணி சறுக்கி விழுந்தார். கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று. ஜன்னலோரம் போவதென்றால்கூட நானோ தங்கையோ தள்ள வேண்டும். கூப்பிடக் கூசிக்கொண்டு சுவரையே பார்த்துக் கிடப்பார்.

ஆஸ்பத்திரியில் அவர் மண்டையைத் திறந்து, மூளையில் கையை ஆட்டிவைக்கிற இடத்தில் மயிரைவிட மெல்லிய கம்பிகளைப் பதித்தார்கள். கையை முன்னால் தள்ளுவதாக நினைத்தால் சக்கர நாற்காலி ஓடும்; முஷ்டியை இறுக்குவதாக நினைத்தால் நிற்கும் என்றார்கள். நான் மெக்கானிக். சுவிட்ச் இருந்தால் அதன்மேல் ஒரு விரல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விரலே படாமல் நாற்காலி நகர்ந்தபோது திறந்த வாய் மூடவில்லை. ரிமோட் ஏதும் இருக்கிறதா என்று டாக்டரம்மாவின் கோட்டுப் பையைக்கூட நோட்டம் விட்டேன்.

"என்ன மச்சான், பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"பேய்னு சொன்னாக்கூட நம்பிடுவேன் மாப்ள."

ஒரு சோதனை பாக்கி: ஆள் குறுக்கே வந்தால் நிறுத்திக் காட்ட வேண்டும். காட்டினால் நாற்காலி வீட்டுக்கு வரும். இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கும். அவர் பழையபடி சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

சோதனையன்று வராந்தாவில் தங்கைதான் குறுக்கே வந்தாள். நாற்காலி நிற்கவில்லை. அவள் முழங்காலில் இடித்து, சுவரோடு சாய்த்துவிட்டது. டாக்டரம்மா அவசரத்துக்கென்று கையில் வைத்திருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கிய பிறகுதான் நின்றது.

மாப்பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. சர்வீஸில் ஒரு நாயைக்கூட இடிக்காதவர், பெண்டாட்டியை இடித்துவிட்டார்.

"மிதிச்சேனே," என்றார். "முழுசா மிதிச்சேன் மச்சான். நிக்கலை."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "காலாலயா?"

"பின்னே, பிரேக்கைக் கையாலயா மிதிப்பாங்க?"

"கம்பி கைக்கான இடத்துல இருக்கு சார். கால் சொல்றது அதுக்குக் கேக்காது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அசையாத கால், அவர் மண்டைக்குள் இன்னும் விடாமல் மிதித்துக்கொண்டிருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

"முஷ்டின்னு எனக்கும் தெரியும்மா. ஆள் வந்தா கால்தான் முந்துது. விட்டுடுங்க, இது எனக்கு ஆகாது."

தங்கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "மலை ரோட்டுல பிரேக் பிடிக்காமப் போச்சே, அன்னைக்கும் விட்டுடுங்கன்னா சொன்னீங்க?"

"அன்னைக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடிச்சேன்..." பாதியில் நிறுத்திவிட்டார். கண் மட்டும் தன் மடியில் கிடந்த கைக்குப் போயிற்று.

"ஓட்டுங்க. நானே நிக்கிறேன்."

"வேற யாராவது நிக்கட்டும்டி."

"வேற யாரையாவது இடிச்சா ஒரு மன்னிப்போட போயிடும். என்கிட்ட நடக்காதுன்னு தெரியும்ல?"

டாக்டரம்மா பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டே தலையாட்டினார். நாற்காலி கிளம்பிற்று. தங்கை அசையவில்லை. நான் குறுக்கே பாயத் தயாராக நின்றேன். அவள் செருப்புக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது. பொத்தானை யாரும் தொடவில்லை.

"ம், வாங்க," என்று அவள் திரும்பி நடந்தாள். நாற்காலி நகரவில்லை.

"என்னாச்சு மாப்ள?"

"இருங்க மச்சான். ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருக்கு."

கண்ணை மூடித் திறந்தார். நாற்காலி அவள் பின்னாலேயே ஜன்னல் பக்கம் போயிற்று. தள்ளுவதற்காக நீட்டிய என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.