காளியப்பன் மெதுவாகவும் வாசித்தார்

ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது நம் டிரம்ஸ்காரர் காளியப்பனின் மனைவி செல்லம்மாள் போன் செய்தார். "அண்ணா, அவரு போயிட்டாருங்க. மொளகு பறிக்க ஏணி சாத்துனாரு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. அவ்வளவுதாங்க."  மிச்ச வயரையும் இழுத்து முடித்துவிட்டு, மதிய பஸ்ஸில் மலை ஏறினேன்.

அரியூர் நாட்டிலுள்ள அவர் ஊரில், வீட்டு வாசலில் நம் இன்னிசைக் குழுவினர் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். "மெஷின் மாதிரி அடிப்பாருங்க, ஒரு அடி கூடக் கொறையாது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்றீர்கள். பாராட்டாகத்தான் சொன்னீர்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய டிரம்ஸை ஏற்றி இறக்க முடியாமல்தான் குழு மின்னணு டிரம்ஸ் வாங்கியது. மடக்கி வேனில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தட்டினாலும் சாத்தினாலும் ஒரே சத்தம். பாடகி ஒருவர் நேராகவே கேட்டார், "இதுக்கு ஆளு எதுக்குங்க?" காளியப்பன் கோபப்படவில்லை. மழைக்காலத்தில் நிகழ்ச்சி இல்லாத மாதங்களில் செட்டைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

திரும்பி வந்தபோது அது வேறு செட்டாக இருந்தது. அடி வாங்கும் ரப்பர் பேடுகளின் சென்சிடிவிட்டியை நன்றாகக் குறைத்திருந்தார். முன்பு பாதி வேகத்தில் அடித்தாலே கருவி முழுச் சத்தத்தைக் கொடுத்துவிடும். இப்போது முழுக் கையையும் வீசினால்தான் கொடுத்தது. விரல் பட்டால்கூடப் பதியும்படி, கருவி அடியாக எடுத்துக்கொள்ளும் கீழ் எல்லையையும் இறக்கியிருந்தார். அப்படி இறக்கினால் ஒரு பேடின் அதிர்வில் பக்கத்துப் பேடும் சேர்ந்து பேசும். அதற்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஸ்டாண்டுக்கும் பேடுக்கும் நடுவே சுற்றியிருந்தார். "பாதி அடியிலயே உச்சிக்குப் போயிட்டா, அப்புறம் எங்கீங்க போறது? கடைசி அடிக்குன்னு கொஞ்சம் எடம் வெச்சிருக்கணும்" என்றார்.

அந்த ஆண்டு திண்ணனூர் நாட்டில் ஒரு நோம்பிக்கு, ஊர்த் திருவிழாவுக்குப் போனோம். மலையில் நோம்பிப் பாட்டு மேடைக்கு முன்னால் இருப்பவர்களுக்கு மட்டும் அல்ல. பள்ளத்தைத் தாண்டி எதிர்மேட்டில் இருக்கிற ஊர்களுக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நடத்தும் ஊருக்குக் குறைச்சல். காளியப்பன் ஒரு தாலாட்டுக்கு விரல் நுனியில் வாசிப்பது போல வாசித்தார். பாட்டு முடிவதற்குள் ஊர்ப் பெரியவர் மேடையோரம் வந்துவிட்டார். "ஏனுங்க, கரண்டு போச்சான்னு எதிர்மேட்டுல இருந்து போன் போட்டுக் கேக்கறாங்க."

நம் குழுத் தலைவர் என்னிடம் தனியாகச் சொன்னார், "இன்னொரு வாட்டி இப்படி நடந்தா லேப்டாப்புல ரிதம் போட்டுக்கலாம். அவரு மொளகுக் காட்டையே பாக்கட்டும்." காளியப்பனிடம் சொன்னால் அவர் வீம்பாக விலகிப் போவார் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. டிரம்ஸ் ஒலி என் மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் கம்ப்ரஸரைப் போட்டேன். மெதுவான அடியைத் தூக்கி, பலமான அடியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் கருவி அது. எதிர்மேட்டிலிருந்து அதன்பிறகு போன் வரவில்லை.

அவர் ஹெட்போன் போட்டு வாசிப்பவர். அதற்குக் கம்ப்ரஸருக்கு முந்தைய ஒலி போனது. அதனால் அவர் காதுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. யாராவது போனில் எடுத்த வீடியோவைக் காட்டினால், "போன்ல எல்லாம் ஒரே மட்டமாத்தாங்க கேக்கும்" என்று சிரித்துவிடுவார். அதுவும் உண்மைதான். ஒரே ஒருமுறை, சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்.

"ஏனுங்க, நான் மெதுவா வாசிக்கறது கடைசி ஆளு வரைக்கும் கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். அன்று சொல்லியிருக்கலாம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காரியத்தன்று போடுவதற்கு அவர் வாசித்ததில் ஏதாவது ஒன்று வேண்டும் என்று செல்லம்மாள் கேட்டார். என்னிடம் ஆறு ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். அத்தனையும் கம்ப்ரஸரைத் தாண்டி வெளியே போன ஒலியிலிருந்து எடுத்தவை. ஒன்றில்கூட அவர் மெதுவாக வாசிக்கவில்லை. நீங்கள் சொன்ன மெஷின்தான் அதில் இருக்கிறது. அதைச் செய்தவன் நான்.

மிக்ஸரில் என் ஹெட்போனுக்கும் கம்ப்ரஸருக்கு முந்தைய ஒலிதான் வரும். பாட்டின் நடுவே அவர் குச்சியைத் தாழ்த்துவதும், எண்ணி நாலு வரி அப்படியே காத்திருப்பதும், பிறகு ஒரே ஒரு அடியில் எழுவதும் எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டேதான் அமுக்கினேன். அந்த வாசிப்பை முழுதாகக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். காளியப்பனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது காதில் நிற்கும் அந்த வாசிப்புதான், அதை உங்களுக்குப் போட்டுக்காட்ட என்னால் முடியாது.