மாமா பூட்டிய அறை

அது நெல் மூட்டை அடுக்கும் அறை. அங்கேதான் மாமா என்னைப் பூட்டினார். அம்மாவின் தம்பியான அவர் களுவாஞ்சிக்குடியில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர், ஊரே எழுந்து நின்று கும்பிடும் மனிதர். என் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது அக்காவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு எதுவும் தெரியக்கூடாது என்றார் மாமா. யன்னல் கம்பிக்குள் தட்டு நுழையாது. சோற்றை வாழையிலையில் சுருட்டித் தருவார்கள். உள்ளே குரல்கள் என்னைத் திட்டின, வெளியே மேளம் முழங்கியது. அக்கா கழுத்தில் தாலி ஏறியதை நான் காதால்தான் கண்டேன்.

கலியாணம் முடிந்த பிறகே ஆஸ்பத்திரி. நாள்தோறும் விழுங்கிய குளிசைகளும், நான் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்ட ஒரு வைத்தியரும்தான் என்னை மீட்டார்கள். பிறகு நானும் படித்து உளவளத்துணையாளரானேன். கூட்டிவருபவர்களை வெளியே இருத்திவிட்டு, நோயாளியிடம்தான் முதலில் பேசுவேன். பலருக்கு அது பிடிப்பதில்லை. பிடிக்காமல் போகட்டும்.

ஒருநாள் மாமாவே தன் கடைசி மகளைக் கூட்டிவந்தார். அவள் மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு.

"கட்டி வச்சீங்களா?"

"வேற என்ன செய்யிற? ஒன்ன அண்டைக்குப் பூட்டி வச்சபடியாத்தானே நீ இண்டைக்கு இந்தக் கதிரையில இரிக்கிறாய்" என்று சிரித்தார்.

எழுந்து கதவைத் திறந்தேன். "வெளியில போங்க மாமா."

"நான் ஒன்ட மாமன்!"

"அதாலதான் மரியாதையாச் சொல்றன். போங்க."

அவர் போனதும் அவள் கேட்டாள்: "மச்சாள், நீங்க இன்னும் குளிசை போடுறீங்களா?"

"ஓம், இப்பவும் போடுறன்."

அதன் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள். இப்போது சித்தாண்டியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள்.

மாமா போன மாதம் இறந்துபோனார். என்னைப் பூட்டி வைத்ததைக் கடைசிவரை தன் கெட்டித்தனமாகவே சொல்லித் திரிந்தார். "நீ மனசுக்கு வைத்தியம் பாக்கிறவள்தானே, மன்னிச்சிரன்" என்கிறாள் அம்மா. மன்னிக்கமாட்டேன். இந்தக் கோபத்தோடுதான் நான் சுகமானேன். என்னிடம் வரும் எவரையும் மன்னிக்கச் சொல்லி நான் கேட்டதில்லை; இனியும் கேட்கப்போவதில்லை.

செத்தவீட்டில் அந்தக் கடைசி மகள் அழாமல் நின்றாள். மாமி அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அழு புள்ள, ஊர் பாக்குது."

மாமியின் கையை எடுத்துவிட்டேன்.

"பாக்கட்டும் மாமி" என்றேன்.