அண்ணன் பின்னிய தொப்பி

அண்ணன் இல்லாமல் எங்களுக்கு ஓராண்டு கடந்துவிட்டது. இன்றைய நினைவுநாளில் உங்களுக்கு வாசிக்க, அவருடைய வாழ்க்கையை முறையாக எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். எங்கே தொடங்கினாலும் எழுத்து எனக்கு விளங்காத ஒரே விஷயத்தில்தான் போய் நிற்கிறது.

அண்ணன் சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். அப்பா தவறியதும் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, லேத் பட்டறைக்குப் போய் என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தார். நான் என் விருப்பப்படி திருமணம் செய்துகொண்டதும் பேச்சை நிறுத்தினார். ஒன்பது ஆண்டுகள்.

குழந்தைகளுக்கான உல்லன் தொப்பி, காலுறை பின்னிக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். ஒருநாள் காலையில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு வாசலில் அண்ணன் வந்து நின்றார்.

"இந்தப் பின்றத எனக்குக் கத்துக்குடு."

"எதுக்குண்ணா?"

"கத்துக்குடும்மா மொதல்ல."

அழுவதா, ஊசி எடுப்பதா என்று தெரியவில்லை. ஊசியை எடுத்தேன்.

ஊசியில் இருபது கண்ணி, அதாவது நூல் வளையம், போட்டுக் கொடுத்தேன். ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலைச் சுற்றி வெளியே இழுத்து, பழைய கண்ணியை நழுவவிட வேண்டும். அண்ணன் இறுக்கிய இறுக்கில் அடுத்த வரிசையில் ஊசியே நுழையவில்லை.

"இரும்புகூட சொன்ன பேச்சு கேக்கும். இது இன்னா, மொரண்டு புடிச்சிக்கினே கீது?"

"இறுக்காதண்ணா, லூசா வுடு."

ஐந்து வரிசை முடித்து எண்ணினால் இருபத்தாறு கண்ணி. "மீதி ஆறு எங்கேந்து வந்துச்சு?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இருவரும் சிரித்துவிட்டோம்.

மூன்று வாரம் தினமும் வந்தார். தம் தலை அளவுக்கு ஒரு நீலத் தொப்பி பின்னி முடித்தார். "இந்த வெயில்ல எவன்ணா இதைப் போடுவான்?" என்று கேலி செய்தேன். தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அப்புறம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணி மருத்துவமனைக்கு அழைத்தார். புற்றுநோய் மருந்தால் முடி உதிர்ந்த தலையில் அந்தத் தொப்பியோடு அண்ணன் படுத்திருந்தார். மூன்று மாதம் முன்பே நோய் தெரிந்துவிட்டதாம். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பின்னி அனுப்பனதுன்னு எல்லார்கிட்டயும் காட்டிக்கினே கீறாரும்மா. 'என் தங்கச்சி போட்டது'ன்னு நர்சம்மாகிட்டகூட சொல்லிட்டாரு."

அண்ணனைப் பார்த்தேன். கண்களை மூடிக்கொண்டார். கடைசி நாள்வரை அருகிலேயே இருந்தும், ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்க வாய் வரவில்லை.

ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி.

தொப்பியைச் சொல்லி என்னைப் பாராட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணியிடமும் இன்றுதான் சொல்கிறேன். அதைப் பின்னியவர் அண்ணன்தான். ஏன் மாற்றிச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களில் யாரிடமாவது காரணம் சொல்லியிருந்தால், தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள்.

தங்கை