கடலுக்கு மேலே நல்ல தண்ணீர்

வடசேரிச் சந்தையில் மூட்டை தூக்கியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இந்தக் கையால்தான் வீடு கட்டினேன், ஐஸ் கம்பெனி கட்டினேன். சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லாதபோது, கோயிலுக்குப் பின்னால் மணலில் உறைகிணறு இறக்கியதும் நான்தான்.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தக் கிணற்றருகே போர் போடும் லாரி நிற்கிறது. மீன் விற்கும் மரியபுஷ்பம் குடத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

“பாட்டா, ஒமக்க கெணறு கோடையில அடி காணுது. ஆழமாப் போர் போட்டா நெறய வெள்ளம் கிட்டும்லா?”

“கிட்டும் மக்கா. பொறவு மீனுக்கு உப்பு வாங்காண்டாம்.”

அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது. நான் விளக்குகிறேன். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. மேலாக வாளியால் கோரும் வரை நல்ல தண்ணீர். ஆழத்தில் துளைத்து மோட்டாரால் இழுத்தால் அடியிலுள்ள கடல் ஏறி வரும். இந்தக் கிணறும் கரிக்கும்.

“கோடைக்கு என்ன செய்ய?”

“இதே ஆழத்துல, தள்ளி இன்னொண்ணு எறக்கணும். எடம் நான் காட்டுதேன்.”

அவள் குடத்தை வைத்துவிட்டு லாரிக்கு முன்னால் போய் நிற்கிறாள். தண்ணீர் எடுக்க வந்த மற்ற பெண்களும் சேர்ந்துகொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் லாரி திரும்பிப் போகிறது.

கிணற்றுச் சுவரில் சிமெண்டு தந்தவர் பேர் இருக்கிறது, திறந்து வைத்தவர் பேர் இருக்கிறது. புதுக் கிணற்றில் முதலில் என் பேரை எழுதுங்கள். பழையதிலும் எழுதுங்கள், இடம் இருக்கிறது.