ஏழாவது அடி

பிள்ளையார்பாளையத்தில் குமாரண்ணன் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு செட்டில் ஊதுகிறவர். பால்கன் நாட்டுப்புற மெட்டுகளை வைத்து எங்கள் குழு போட்ட முதல் ஆல்பத்தில் டிரம்பெட் முழுக்க அவர் ஊதியதுதான். போன மாதம் முகவாதம் வந்து வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. குடிக்கிற தண்ணீர் மோவாயில் வழிகிறது. துண்டால் துடைத்துக்கொள்கிறார்.

நாளை பெங்களூரில் ஆல்பத்துக்கு முதல் மேடை. அவருக்குப் பதில் வேறு ஆளைப் பிடித்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் போகிற வழியில் இறங்கினேன். சொல்லத் துணிவில்லாமல் அரை மணி நேரமாகப் போனில் பாட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

பல்கேரியக் கல்யாண ஆட்டப் பாட்டு வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏழு அடி. பாதியில் அவர் கையை நீட்டிப் போனை நிறுத்துகிறார்.

டிரம்பெட் நிற்கவில்லை. தெருமுனையில் எங்கள் வேனுக்குள் உட்கார்ந்து புது ஆள் அதே பாட்டை ஊதிப் பழகிக்கொண்டிருக்கிறான். அக்கம்பக்கத்து வீடுகளின் தறிச் சத்தத்தையும் மீறித் தெளிவாகக் கேட்கிறது.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஏழாவது அடியில மூச்சு வாங்கினுக்கிறான்," என்கிறார் குமாரண்ணன், வார்த்தை குழற. "பாடைக்கு முன்னாடி நடந்துக்கினே ஊதியிருந்தா அங்க வாங்கமாட்டான். போய்ச் சொல்லுமா."