கம்பெனி பஸ்ஸின் பின்சீட்டு

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் உட்காரும் பிரிசில்லாவுக்கு, பெண்களை ஒன்றுசேர்ப்பது கைவந்த கலை. வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் எவளும் வெளியே வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒருத்திக்குச் சர்ச், இன்னொருத்திக்கு ஒரு வாரத்து அழுக்குத்துணி. அதனால் பள்ளிகொண்டா போகும் கம்பெனி பஸ்ஸின் பின்சீட்டிலேயே கூட்டத்தை வைத்துக்கொண்டாள். டிரைவர் வேலு முன்னால் பாட்டைச் சத்தமாக வைப்பார். பின்னால் பேச்சு நடக்கும். வாய்க்கு வந்தபடி திட்டிய சூப்பர்வைசரை வாயடைக்க வைத்தது அந்தப் பேச்சுதான்.

இதை மாதாமாதம் வீடியோ காலில், தன்னைப் போலவே தொழிலாளர்களை ஒன்றுசேர்க்கும் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வாள். அவர்கள் எழுதிக்கொள்வதைப் பார்த்தால் பெருமை தாங்காது. கான்பூர் அக்தரி பேகத்துக்கு மட்டும்தான் வருத்தம். அவர்கள் கம்பெனியில் பஸ்ஸே கிடையாது.

அந்த வீடியோ காலை நடத்தி, வடக்கத்திக்காரர்களுக்கு இந்தியிலும் எடுத்துச் சொல்கிற சென்னைத் தமிழ்வேந்தன், "அக்கா, உங்க பின்சீட்டுக் கூட்டத்த ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க" என்றான். "நம்ம குரூப்போட இருக்கட்டும் தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அந்தப் புண்ணியவான் அதை ஃபேஸ்புக்கில் போட்டு, 'ஆம்பூர் பஸ் மாடல்' என்று பேரும் வைத்தான்.

அவ்வளவுதான், கம்பெனிக்காரர்கள் கண்ணில் பட்டுவிட்டது. வேலுவை வேறு ரூட்டுக்குத் தூக்கியடித்தார்கள். பின்சீட்டில் அதே சூப்பர்வைசர் சட்டமாக உட்கார்ந்து வருகிறான். பெண்கள் வாயே திறப்பதில்லை.

"இன்னாக்கா, இனிமே எங்க பேசறது?" என்று கூட வேலை செய்யும் அம்பரீன் கேட்டாள். இரண்டு பேரும் அலைந்து திரிந்து, போன வாரம்தான் வேறோர் இடம் பிடித்தார்கள். பஸ்ஸே தேவைப்படாத இடம். எந்த ஊருக்கும் பொருந்தும்.

இந்த மாத வீடியோ காலில் தமிழ்வேந்தன் சிரித்த முகமாக வந்தான். "அக்கா, கோயம்புத்தூர்ல உங்க மாடல் சூப்பரா ஓடுது!"

"இங்க பஸ் போச்சு தம்பி. நீ போட்ட போட்டோவாலதான் போச்சு."

"ஐயோ, சாரிக்கா. ஆனா இதுவும் ஒரு லேர்னிங்தானே? இப்ப எங்க கூடறீங்கன்னு சொல்லுங்க, எல்லாருக்கும் யூஸ் ஆவும்."

செய்வதையும் செய்துவிட்டுப் பேசுகிற பேச்சைப் பார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையில் எல்லோரும் காத்திருந்தார்கள். அக்தரி பேகம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனாவைத் திறந்தாள்.

"எங்கயும் கூடறதில்ல தம்பி. எல்லாம் நின்னு போச்சு" என்றாள் பிரிசில்லா.

அக்தரி பேகம் பேனாவை மூடி வைத்தாள்.