ஒரே சாஃப்ட்வேர், ஊர்ப்பட்ட வெப்சைட்

ஒரே சாஃப்ட்வேரில் ஊர்ப்பட்ட வெப்சைட்டை ஓட்டுவது, ஃபிளாட் முழுக்க ஒரே மோட்டாரில் தண்ணீர் ஏற்றுகிற பிழைப்பு. மோட்டார் இருமினால் அத்தனை வீட்டுக் குழாயும் இருமும். இதே பாவத்தைச் செய்தவர்கள் படிக்கும்போதே தலையில் கைவைத்துக்கொள்வீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகரில் ஒரு மாடி அறையில், நானும் சாந்தோம் சேவியரும் இப்படி ஒரு வெப்சைட் கம்பெனியை நடத்தினோம். சேவியருக்கு ஸ்டெல்லா மேல் காதல். அவள் அப்பா ரிட்டயர்டு வாத்தியார். "கம்பெனி நிக்குமான்னு நேர்ல பாத்துட்டுதான் பொண்ணு" என்று சொல்லிவிட்டார்.

மஞ்சள் மகிமை

புடவைக்கடை முதலாளி தன் வெப்சைட் பக்கம் மாம்பழ மஞ்சளில் ஜொலிக்கவேண்டும் என்றார். ஜொலிக்கவிட்டோம். நிறமெல்லாம் ஒரே ஃபைலில் இருந்ததால், வாடிக்கையாளர் அத்தனை பேர் பக்கமும் சேர்ந்து ஜொலித்தது. "மச்சி, இது ஸ்டெல்லா அப்பா காதுக்குப் போச்சுன்னா நான் காலி" என்றான் சேவியர். அடையாற்றுப் பல் டாக்டர் போனில் கொதித்தார்: "பல் டாக்டர் சைட்டே மஞ்சளா இருந்தா, எவன் சார் என்கிட்ட வாயைத் திறப்பான்?"

வீணையும் பிரியாணியும்

மயிலாப்பூரில் வீணை கற்றுத்தரும் மாமியின் பக்கத்தைத் திறந்தால் அவர் வாசித்த வீணை ஒலிக்கும். ஒருநாள் அது அசோக் நகர் பிரியாணிக் கடையின் பக்கத்திலும் ஒலித்தது. கடைக்கார பாய்க்குப் பரம சந்தோஷம், எடுக்கவே கூடாது என்றார். மாமியிடம் யார் சொல்வது? சேவியர் போனை என் கையில் திணித்தான். அதற்குள் மாமியே கூப்பிட்டுவிட்டார்: "அமெரிக்காலேர்ந்து என் தங்கை கேட்டுட்டு சொன்னா. வாசிக்கறதுதான் வாசிக்கறது, மட்டன் பிரியாணிக்குக் கொஞ்சம் தள்ளி, ஓரமா என் பேரைப் போடப்படாதா?"

மாமனார் வந்த நாள்

வாத்தியார் வந்த அன்று சேவியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புடவைக்கடையின் 'பழைய சரக்கு பாதி விலை' என்ற ஓடும் வரியை, எல்லா சைட்டுக்கும் பொதுவான தலைப்பில் போட்டுத் தொலைத்தான். ஆதம்பாக்கத்துக் கல்யாணத் தகவல் மையத்தில் அது மணப்பெண்கள் படத்துக்கு மேலேயே ஓடியது. இரண்டு போனும் ஒன்றாக அலறின. சேவியர் காதுக்கு ஒரு ரிசீவராக வைத்துக்கொண்டு, "சாரி மேடம்... நீங்க சொல்றது நியாயம் சார்... இதோ எடுத்துட்டோம்மா" என்று குழைந்தான். நான் வரியை நீக்கினேன். வைத்த போன் மறுபடி அலறியது.

வாத்தியார் காபியைக்கூடத் தொடாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்தார். சேவியர் பாவம், முகம் வெளுத்து நின்றான். வாத்தியார் அவன் தோளைத் தட்டினார்: "எங்க ஸ்டெல்லா ஒருத்திதான் தம்பி கத்துவா. நீ தாங்குவே. ஆவணியில தேதி பாத்துடலாம்."

ஆக, ஒரு ஃபைலில் கைவைத்தால் ஊரே திட்டும் இந்தத் தொழிலில், திட்டு வாங்கத் தெரிந்தவனுக்குப் பெண் நிச்சயம் கிடைக்கும், கம்பெனி நிற்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.